ரெட்டைச் சுழி

கைதட்டல் ஓய்ந்து மேடையிலிருந்து இறங்கியபோது நர்ஸுக்கு முதுகெல்லாம் வியர்வை. ஊசியென்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"பிரமாதம்மா!" என்றார் பல் டாக்டர். "நான் இருபது வருஷமா கெஞ்சியும் திறக்காத வாயெல்லாம் நீ பேசுறப்ப ஆன்னு திறந்திருந்துச்சு."

கடல் கடந்து தொண்டு செய்யப் போய்த் திரும்பியவர்களின் சங்கம் ஆண்டுக்கொருமுறை கூடி, அங்கே பழகிய பிள்ளைகளைப் பற்றிப் பேசும் கூட்டம் அது. சுவர் முழுக்கப் புகைப்படங்கள். ஒரு படத்திலும் ஒரு பிள்ளையின் முகம் இராது. பிள்ளைகளை முதுகுப் பக்கமாகத்தான் படமெடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் கறாரான விதி. அப்படி அவள் எடுத்த படம்தான் இந்த ஆண்டு அழைப்பிதழிலும். படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியின் பின்னந்தலை. ஓரத்தில் விடுதி வேன், பாதி.

அடி உதைக்குத் தப்பி ஓடிவந்த தாய்மாரும் பிள்ளைகளும் ஒளிந்து வாழ்ந்த விடுதி. அங்கே நம் மொழி பேசிய ஒரே பிள்ளை அந்தப் படத்துச் சிறுமி. வாலு என்று பெயரே வைத்துவிட்டாள் நர்ஸ். விடுதிப் பூனைக்கே ஊசி போடப் பார்த்தவள்!

தேநீர் மேசையருகே ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"மனசைத் தொட்டுட்டீங்கம்மா. அந்த வாலு இப்பவும் அங்கதான் இருக்காளா?"

"எங்க போவா? போன வாரம்கூட போன்ல 'அத்தை எப்ப வருவீங்க'ன்னு ஒரே நச்சரிப்பு."

"சந்தோஷம். தலை வாரினா இன்னும் அழறாளா?"

அதை அவள் மேடையில் சொல்லவே இல்லை.

"அவளை உங்களுக்கு…?"

"முகம் தெரியலைன்னா என்னம்மா? ரெட்டைச் சுழி தெரியுதே! விவரம் தெரிஞ்ச நாளா நான்தான் வாரிவிட்டேன். அழைப்பிதழைப் பார்த்ததுமே, அட, நம்ம பொண்ணுன்னு புரிஞ்சுபோச்சு."

களிம்பு தடவ முதல்முறை வாலுவின் சட்டையைக் கழற்றியபோது பார்த்த தோள் நர்ஸின் நினைவுக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டியின் முனை அச்சாகப் பதிந்த தழும்பு. "அப்பா வச்சாரு" என்றிருந்தாள் வாலு, கவுன் யார் வாங்கித் தந்தது என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

"குடும்பம்னா ஆயிரம் இருக்கும். அதுக்காகப் புள்ளையைத் தூக்கிட்டு ஓடுவாளா ஒருத்தி?" அவர் சிரிப்பு மாறவே இல்லை. "வேன்ல பேரு பாதிதான் தெரியுது. ஊர்ப் பேரை நீங்களே மைக்ல சொல்லிட்டீங்க. மீதியையும் சொல்லிட்டா அலையாமப் போய்ச் சேருவேன்."

அவர் சட்டைப் பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்தது.

"முகம் கழுவிட்டு வந்து சொல்றேன்" என்று நகர்ந்தவள், பல் டாக்டரின் கையைப் பிடித்தாள். "வாலுவோட அப்பன்! எப்படியாவது நிறுத்தி வைங்க."

டாக்டர் முகம் வெளிறியது ஒரு கணம்தான். "சார்! அந்தக் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் காட்டுங்க பாப்போம்" என்று பாய்ந்துவிட்டார்.

கழிவறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு விடுதிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடு… எடுத்துத் தொலையேன்!

விடுதி அக்கா எடுத்தாள். அந்த நாட்டுப் பேச்சில் தனக்குத் தெரிந்த அரைகுறையில் கொட்டினாள் நர்ஸ். மறுமுனையில், அக்காவுக்குப் பின்னாலிருந்து ஒரு கீச்சுக்குரல்: "அத்தையா? குடுங்க, நான் பேசறேன்!"

"ஒரு வார்த்தை பேசறியா?" என்றாள் விடுதி அக்கா.

"வேண்டாம். மூட்டையைக் கட்டுங்க."

"வேற ஊர்ல ஒரு வீடு இருக்கு. அம்மாவையும் பொண்ணையும் இப்பவே அனுப்பிடறேன். அந்த ஊரு…"

"சொல்லாதீங்க!" அலறியே விட்டாள். "எனக்கு எப்பவுமே சொல்லாதீங்க. கேட்டாலும் சொல்லாதீங்க."

கதவைத் திறந்தாள். எதிரிலேயே அவர். பின்னால் மூச்சிரைக்க டாக்டர்.

"சொல்றேன்னீங்களே?"

"அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது."

"போன வாரம் பேசினீங்க."

"இன்னிக்குத் தெரியாது."

முதன்முறையாக அவர் முகத்துச் சிரிப்பு மறைந்தது. அவள் கையிலிருந்த போனையே பார்த்தார். டாக்டர் இருவருக்கும் நடுவே தன் தொப்பையை நுழைத்தார். அவரோ அழைப்பிதழை நிதானமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பரவால்ல. நீங்க எங்க இருக்கீங்கன்னு இப்ப எனக்குத் தெரியுமே."

நடந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

அப்போது பார்த்து அவள் உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. விடுதி எண். யாராக இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கிளம்பும் அவசரத்தில் அடம்பிடித்து அழைத்திருப்பாள்.

வாசலிலிருந்து அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் எடுக்கவில்லை. போன் அதிர்ந்து, அதிர்ந்து, தானே அடங்கும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.