அந்த மாதத்து எஃகு

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கியதல்ல. அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நூறு வயதாகிறது, வரலாற்றுப் புத்தகம் எழுதித் தாருங்கள் என்று என்னைக் கேட்டார்கள். அப்பா அங்கே முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர், அம்மா பதினெட்டு வருடம். விவரமெல்லாம் இவள் வீட்டிலேயே கிடைக்கும் என்று நினைத்திருப்பார்கள். புத்தகத்தை முடித்துவிட்டேன், ஐம்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வரியைத் தவிர. அந்த வரியோடுதான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

2
முதலில் இப்படி எழுதினேன்: 'ஆயிரம் கைகள் உழைத்த அந்த மாபெரும் கூடத்தில் விடியலின் முதல் கதிர்

வேண்டாம். அந்தக் கூடத்தில் கதிரெல்லாம் வராது, தூசிதான் வரும்.

மறுபடியும். அப்பாவின் வேலை குழல் நிமிர்த்துவது. துளையிட்ட துப்பாக்கிக் குழலைக் கண்ணருகே பிடித்து, அறைக்கோடியில் இருக்கும் ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னல் கண்ணாடியில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.* அதன் நிழல் குழலுக்குள் நேராக விழுந்தால் குழல் நேர். வளைந்து விழுந்தால் அந்த இடத்தில் சுத்தியலால் ஒரு தட்டு. அளக்கக் கருவி எதுவும் கிடையாது, கண்தான்.

* அந்தக் கண்ணாடியை யாரும் கழுவக் கூடாது என்பது அறையின் சட்டம். எழுதி ஒட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டார்கள்.

3
அம்மாவுக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான். மேலதிகாரி பார்வையிட வருகிறார், எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. அம்மா எதையும் அரைகுறையாகச் செய்பவரல்ல. கண்ணாடியைத் தேய்த்துக் கழுவி, போகாத கறுப்பைப் பிளேடால் சுரண்டியும் எடுத்துவிட்டார். அது எதற்கான கோடு என்று பிறகு யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டார். தையல் பையிலிருந்து கறுப்பு நூலை எடுத்து அதே இடத்தில் இழுத்துக் கட்டினார். வாயைத் திறக்கவில்லை.

அப்பா உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் நூலும் கோடும் ஒன்றுதான். ஆனால் நாளாக ஆக நூல் மயிரிழை அளவு தொய்ந்தது. அப்பா தன் கண்ணை நம்பி, நேரான குழல்களை மிகுந்த சிரத்தையோடு வளைத்தார். மொத்தம் நாற்பத்தொரு குழல்கள். சுட்டுப் பார்த்தபோது ஒன்றுகூடக் குறியில் படவில்லை.

4
[துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாக எழுதலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெளியே போன குழல்கள் என்ன செய்தன என்பதற்குத் தொழிற்சாலையில் பதிவேடு இல்லை, தேடிப் பார்த்தேன். இந்த நாற்பத்தொன்றும் வெளியே போகவில்லை, உருக்கிவிட்டார்கள். அதனால்தான் நிம்மதியாக எழுதுகிறேன்.]

5
அப்பா நூலைக் கண்டுபிடித்தார், அது யார் கட்டியது என்பதையும். அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கோட்டைத் திரும்ப வரைந்துவிட்டு, கோளாறு எஃகில் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். (நடுவில் ஒரு காதல் காட்சி எழுதிப் பார்த்தேன். அதில் அப்பா அப்பாவாகவே இல்லை. கிழித்துவிட்டேன்.)

பழி விழுந்தது எஃகைச் சோதித்து வாங்கிய ஸ்டோர் கீப்பர் தலையில். 'தரமற்ற எஃகை ஏற்றவர்' என்று கோப்பில் ஏறியது. பதவி உயர்வு நான்கு வருடம் தள்ளிப்போனது. கோப்பைப் பார்த்து நானும் அப்படியே எழுதி, வீட்டில் வாசித்துக் காட்டினேன். அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அம்மா எல்லாவற்றையும் சொன்னார். கோப்பில் கிடந்தவரை அது யார் கண்ணிலும் படவில்லை. புத்தகத்தில் வந்துவிட்டால் அந்த மனிதர் என்றைக்கும் மோசமான எஃகு வாங்கியவர்தான்.

6
ஸ்டோர் கீப்பர் மாமாவைப் போய்ப் பார்த்தேன். எண்பத்திரண்டு வயது. அவர் சீறுவதாக ஒரு முடிவும், கண்கலங்குவதாக இன்னொரு முடிவும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். இரண்டும் வீண். மாமா பாட்டுக்குச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நூல் விஷயமா? அந்தக் கோடு எதுக்குன்னு உங்கம்மா என்கிட்டதாம்மா வந்து கேட்டா. எனக்கு அப்பவே தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சேர்ந்து ஒன்பது நாள் ஆன பெண், சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்றார். பதவி உயர்வும் தாமதமானாலும் வந்துதானே சேர்ந்தது என்றார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.

"எஃகு நல்ல எஃகு. அத மட்டும் போட்டுடு. நூலப் பத்தி எழுத வேணாம். பாவம், அவ சங்கடப்படுவா."

7
வந்து அம்மாவிடம் சொன்னேன். நான் புது வரியை எழுதினேன்: 'அந்த மாதத்து எஃகு நன்றாகவே இருந்தது.' அப்படியானால் குழல்கள் ஏன் வளைந்தன என்று அடுத்த வரி சொல்லியாக வேண்டும். 'காரணம்,' என்று எழுதி நிறுத்திவிட்டுத் தாளை மேசையில் வைத்தேன்.

அம்மா பேனாவை வாங்கி, அதற்குப் பக்கத்தில் தன் பெயரை இனிஷியலோடு எழுதினார். அப்பா அதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்.

"நூலு அவ கட்டினது. ஆனா கண்ணு என்னுதுதானே?"

அம்மா அதையும் அடித்தார். இருவரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு ஏனோ அழுகை வந்தது. அப்பா தாளைக் குழல்போலச் சுருட்டி, கண்ணருகே வைத்து ஜன்னலைப் பார்த்தார். முதல் வரி நேராக இருக்கிறது, அதைத் தட்ட வேண்டாம் என்றார்.

நாளைக்குத் தாள் அச்சுக்குப் போகவேண்டும். முதல் வரி மாமாவுடையது, அதில் யாரும் கைவைக்கக் கூடாது. இரண்டாவது வரியைச் சுத்தமாகப் பிரதி எடுத்து இடம் விட்டிருக்கிறேன். அம்மா, அப்பா, மாமா மூன்று பேரும் படிப்பார்கள், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நீங்கள் எழுதுங்கள்.

காரணம்,