பூட்டை ஆட்டிப் பார்த்த ராஜா

அப்பாவின் குறட்டை சீராக வர ஆரம்பித்ததும், வீட்டில் எல்லோரும் எலி என்று கூப்பிடும் அந்தப் பத்தாம் வகுப்புக்காரி அண்ணனின் அறைக்குள் பூனை மாதிரி நுழைந்து அவன் போர்வையை இழுத்தாள்.

"அண்ணா, எழுந்திரு. உன்னை மாட்டி விட்டுட்டேன்."

"எங்க? கொடியிலயா?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

"விளையாடாத. நீ பைக் கடைக்குப் போறது நாளைக்கு அப்பாவுக்குத் தெரியப் போகுது."

அண்ணன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். கணக்கியல் படிக்கக் கல்லூரிக்குப் போவதாகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவன், உண்மையில் பைக் ரிப்பேர் கடையில் சேர்ந்து மாசக் கணக்காகிறது. அவன் நகக்கண்ணில் இருந்த கிரீஸை வைத்துக் கண்டுபிடித்தவள் எலி. வேறு யாருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். பள்ளியில் சிறுகதைப் போட்டி வைத்தார்கள். பழைய காலத்தில் நடக்கிற கதையாக இருக்க வேண்டும் என்றார் டீச்சர். எலிக்கு எந்த ராஜாவைத் தெரியும்? வீட்டில் இருந்தவர்களுக்கே கிரீடம் மாட்டிவிட்டாள். அப்பா ராஜா. அண்ணன், அரண்மனையிலிருந்து நழுவிப் போய்ச் சந்தையில் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிற இளவரசன். கதைக்கு முதல் பரிசு கிடைத்துவிட்டது. நாளை ஆண்டு விழா மேடையில் டீச்சரே வாசிக்கப் போகிறார். பரிசு வாங்குகிறவளின் குடும்பத்துக்கு முன்வரிசை.

அண்ணன் கொஞ்சம் மூச்சு விட்டான். "ராஜா கதைதானே? அப்பாவுக்கு எப்படிடி தெரியும்?"

எலி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ராஜா படுக்கப் போறதுக்கு முன்னாடி கோட்டைப் பூட்டை மூணு தடவை ஆட்டிப் பாப்பாரு. பாதி தூரம் போயிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை ஆட்டுவாரு."

அப்பா வங்கியில் பெட்டகச் சாவி வைத்திருக்கிறவர். கை அங்கே பழகிய பழக்கம், வீட்டுக் கதவையும் விடாது. ஆட்டுவார், போவார், திரும்பி வந்து ஆட்டுவார்.

"அடிப்பாவி! கிரீடம் வெச்ச, யானை வெச்ச. பூட்டை மட்டும் ஏண்டி நம்ம வீட்டுலேர்ந்து கழட்டிட்டுப் போன?"

"டீச்சர் அதைத்தான் ரொம்பப் பாராட்டினாங்க. அந்தக் காலத்தை அப்படியே கண்ணு முன்னாடி நிறுத்திட்டேனாம்."

அண்ணன் தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"திருத்தணும்னா காலைல திருத்திக் குடுன்னு சொல்லியிருக்காங்க," என்றாள் எலி. "அதான் உன்னை எழுப்பினேன்."

"அப்ப இடத்தை மாத்து. கப்பல்ல வை."

"கப்பல்ல எங்க ஓடிப் போவ? மீனுக்கா லாடம் அடிப்ப?"

"நிலாவுல வை."

"அங்க மூச்சுக் காத்தையே அளந்துதான் தருவாங்க. நீ வெளிய போனா காத்துக் குழாயே காட்டிக் கொடுத்துடும். அரண்மனைன்னா அப்படியா? அத்தனை வாசல், அத்தனை காவல். அதனாலயே சமையல்கட்டு வழியா எவன் போனாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

"சரி, பூட்டை மட்டும் எடுத்துடேன்."

"எடுத்துப் பாத்தேன். பூட்டு போனதும் ராஜா நல்லவராயிடறாரு. அப்புறம் நீ எதுக்கு அவர்கிட்ட பொய் சொல்லணும்?"

அண்ணன் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டான்: "கடைசில என்னை என்ன பண்றாரு?"

"நாடு கடத்திடறாரு."

"ஏய்!"

"நான் என்ன பண்ணட்டும்? அந்தக் காலத்து ராஜா. பக்கத்துல உக்கார வெச்சுப் பேசினாருன்னு எழுதினா எவன் நம்புவான்?"

அண்ணன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். "இளவரசன் எங்கயாவது அழறானா?"

"குதிரை உதைச்சப்ப. கொஞ்சமா."

"அதை மட்டும் எடுத்துடு."

மறுநாள் மாலை டீச்சர் வாசித்தார். பூட்டை ஆட்டுகிற இடத்தில் அரங்கமே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அப்பா. தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கதையில் இளவரசன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டினான். அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன ராஜா இவன்?" என்றார், பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி. "லாடம் அடிச்சதுக்கா பெத்த பிள்ளையைத் துரத்துவான்? கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டா கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

அண்ணன் எலியை முழங்கையால் இடித்தான். அம்மாவுக்கு வேறு குறை. "ராணி ஏண்டி கதை முழுக்கத் தூங்கிட்டே இருக்கா? ஒரு வசனம் குடுத்தா குறைஞ்சா போயிடுவ?"

வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பா கதவைப் பூட்டினார். மூன்று தடவை ஆட்டினார். படுக்கையறைப் பக்கம் பாதி தூரம் போனார், திரும்பி வந்தார், பூட்டில் கை வைத்தார்.

கை அப்படியே நின்றுவிட்டது.

"எலி."

"அது பழைய காலம்ப்பா," என்றாள் அவள், குரல் கிறீச்சிட. "ரொம்ப ரொம்பப் பழசு."

அப்பா பூட்டைப் பார்த்தார். பிறகு அண்ணனின் நகங்களைப் பார்த்தார். ஆறடி அண்ணன் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிய முயன்றான். அப்பா வாயைத் திறந்தார், சற்று முன் முன்வரிசையில் தான் சொன்னது நினைவுக்கு வந்தவர் போல மூடிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து அண்ணன் கையில் வைத்தார்.

"ரெண்டு நாளா கிளம்பவே அழுது. காலைல அந்தக் குதிரையைக் கொஞ்சம் பாரு. காலேஜ் கதையை அதுக்கப்புறம் உக்காந்து பேசலாம்."

அவர் உள்ளே போனதும் அண்ணன் கிசுகிசுத்தான்: "உக்கார வெச்சுப் பேசறாராம்டி!"

"இதை எழுதியிருந்தா," என்றாள் எலி, "பரிசே கிடைச்சிருக்காது."

படுக்கையறைக் கதவு திறந்தது. அப்பா வந்து, யாரையும் பார்க்காமல், பூட்டை இன்னொரு தடவை ஆட்டிவிட்டுப் போனார்.