மூழ்கியதெல்லாம் ஒன்றாம் நம்பர்

தொட்டியின் அடியிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் துண்டை வெர்னா சும்மாதான் மடக்கிப் பார்த்தாள். மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. தண்ணீர் பாட்டில் துண்டு இப்படி வெளுக்காது.

செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினாள்.

சுடர் பச்சையாக எரிந்தது. பிளாஸ்டிக் வகைகளில் மூன்றாம் நம்பர். குழாய் செய்யும் பி.வி.சி.

ஓஹையோவின் அந்த மறுசுழற்சி ஆலையில் மூட்டைக்குப் பத்துத் துண்டைக் கம்பியில் சுட்டுப் பார்ப்பது வழக்கம். போன மாதம் துண்டுகளைப் பிரிக்கும் புதுத் தண்ணீர்த் தொட்டி வந்ததும் அதை விட்டுவிட்டார்கள். மூடித் துண்டுகள் மிதக்கும், பாட்டில் துண்டுகள் மூழ்கும். மூழ்கியதெல்லாம் ஒன்றாம் நம்பர், பாட்டில் பிளாஸ்டிக் என்றான் ஃபோர்மேன் கால்வின். வெர்னாவும் தலையாட்டினாள். பி.வி.சி.யும் மூழ்கும் என்பது இருபது வருஷம் வேலை பார்த்தவளுக்கு உறைக்கவில்லை. காலையில் பதினோரு மூட்டைகளில் 'சரி' என்று எழுதியவளும் அவள்தான்.

பாட்டில் உருகும் சூட்டில் பி.வி.சி. கருகி அமிலப் புகையாகும். உருக்கும் மெஷினருகே நிற்பவன் அவள் தம்பி லோனி.

வாக்கி டாக்கியை எடுத்தாள். "லோனி! மெஷினை நிறுத்திட்டு வெளிய வாடா!"

"என்னக்கா, மத்தியானமே பீரா? நிறுத்தினா உள்ள உருகினதெல்லாம் இறுகிடும். ரெண்டு நாள் உளியோட நான்தான் உக்காரணும். கால்வின் என் தோலை உரிச்சுடுவான்."

"தோல் மிஞ்சினாத்தானே உரிக்க! பி.வி.சி. போயிருக்குடா!"

"அதான் தொட்டி பிரிச்சிடுமே..." இருமினான். "ஆமா, என்னமோ நெடி. கண்ணு எரியுதுக்கா."

பிறகு வெறும் கரகரப்பு.

வெர்னா ஓடினாள். வழியில் கால்வின் கையை நீட்டி மறித்தான்.

"கயித்தைத் தொடாதே! ஏதோ ஒரு துண்டுக்காக..."

"வழிய விடு!"

அவனைத் தள்ளிவிட்டு, மெஷினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை இழுத்தாள். மெஷின் ஓய்ந்தது. உருக்கும் அறையின் கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அறைந்தது. தரையோடு தவழ்ந்து வந்தான் லோனி. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. ஆனால் மூச்சு இருந்தது. வெளியே இழுத்துப் போட்டு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை மூட்டைடா போட்டே?"

"எட்டு."

"பதினொண்ணுல எழுதினேனே?"

கால்வினின் முகம் வெளுத்தது. "மீதி மூணு... காலைல லாரில மிச்சிகன் போயிடுச்சு. உன் எழுத்தைப் பாத்துத்தான் ஏத்தினேன்."

வெர்னா அவன் போனைப் பறித்தாள். மிச்சிகன் ஆலையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.