பன்னிரண்டடி வாய்க்கால்

கடப்பாரை இறங்கவில்லை. வைகாசிக் கரிசல் அப்படித்தான். மழைக்காலத்தில் முழங்கால் வரைக்கும் புதையும், வெயிலில் இரும்புகூட இறங்காது. சிலுவைமுத்து இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினான். தேங்காய்ச் சில்லு அளவுக்கு மண் பெயர்ந்தது. மறுபடி குத்தினான். பெயர்ந்த கட்டிகளை அவன் மனைவி தெரசாள் கையால் பொறுக்கிக் கூடையில் போட்டுக் கரையில் கொண்டுபோய்த் தட்டினாள். அவர்களுக்குப் பின்னால் ஊர் ஆட்கள் முப்பது பேர் வரிசையாக நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்று கணக்கு. வெட்டப்படுவது சிலுவைமுத்துவின் சொந்த நிலம். மொத்தம் ஒரு குறுக்கம்தான், ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அதன் நட்டநடுவில் வாய்க்கால் போகிறது.

எல்லாம் பத்து நாளைக்கு முன்னால் சென்னகேசவன் செட்டியார் கொண்டுவந்த பேப்பரால் வந்தது. அவர் அருப்புக்கோட்டையில் தறி போட்டிருப்பவர். மாதத்துக்கு ஒரு தடவை சேலை மூட்டையோடு திருச்சுழி வட்டாரத்து ஊர்களைச் சுற்றிவருவார். ஊர்ச் சாவடியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, சேலை சுற்றி வந்த பேப்பரை நீவி விரித்து வாசித்தார். மலைக்கு அந்தப் பக்கம் திருவாங்கூர், இந்தப் பக்கம் மதராஸ். பெரியாற்றுத் தண்ணீருக்காகத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு இரண்டு சர்க்காரும் பத்திரம் எழுதியிருக்கின்றன. அந்தத் தண்ணீரில் கரண்டு எடுக்கலாமா கூடாதா என்று இத்தனை நாளாக வழக்கு நடந்திருக்கிறது. இப்போது நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கரண்டு எடுக்கக்கூடாது. தண்ணீர் விவசாயத்துக்கு மட்டும்தான்.

“விவசாயத்துக்கு மட்டும்” என்றதும் சாவடியே நிமிர்ந்து உட்கார்ந்தது. நாட்டாமை வெள்ளத்துரை அந்த வரியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். கரண்டுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த தண்ணீர் இனிச் சும்மாதானே கிடக்கும், அதை எங்கே விடுவான் என்று அவர் கேட்டார். வைகையில் விடுவான். வைகை தாங்காவிட்டால் குண்டாற்றில் தள்ளுவான். குண்டாறு நம் ஊருக்கு ஒரு மைல். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் பார்க்கிற ஊருக்கு இந்தக் கணக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. செட்டியாருக்கும்கூடச் சரியாகத்தான் பட்டது.

அந்தப் பக்கத்துக் கண்மாய்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் தண்ணீர் வருகிற நாளில் எவன் வாய்க்கால் வெட்டித் தயாராக இல்லையோ, அவனுக்கு அந்த வருஷத்து முறை கிடையாது. தண்ணீர் வந்தபிறகு வெட்டிக்கொள்கிறேன் என்ற பேச்செல்லாம் எடுபடாது. அவன் பங்கு அடுத்தவனுக்குப் போய்விடும். இதற்காக வெட்டும் குத்தும் நடந்திருக்கிறது. ஆகவே தீர்ப்பு வந்த சேதி தெரிந்ததும் ஊர் செய்த முதல் வேலை, கண்மாயிலிருந்து குண்டாற்றுக்கு நூல் பிடித்ததுதான். நூல் நேராகச் சிலுவைமுத்துவின் நிலத்தில் ஏறி மறுபக்கம் இறங்கியது. வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் பாறை. வேறு வழி இல்லை.

சிலுவைமுத்து முதலில் முடியாது என்றுதான் சொன்னான். பன்னிரண்டடி வாய்க்கால், இரண்டு பக்கமும் கரைக்கு நாலு நாலு அடி. இருக்கிற ஒரு குறுக்கத்தில் இருபதடி போனால் மிச்சம் இரண்டு துண்டு. அதில் மாடு கட்டி உழுதால் ஏர் திருப்பக்கூட இடம் இருக்காது. வெள்ளத்துரை அவன் தோளில் கையைப் போட்டுத் தனியாக அழைத்துப் போனார். தண்ணீர் வந்தால் முதல் மடை அவனுக்குத்தான் என்றார். பருத்தியும் வரகும் போட்டுக்கொண்டிருந்தவன் நெல் போடலாம். ஊருக்கு ஒரு நல்லது நடக்கிறபோது ஒற்றை ஆளாகக் குறுக்கே நின்றான் என்ற பேர் வேண்டுமா என்றும் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அவன் சரி என்று சொல்லிவிட்டு வந்தான்.

“எழுதி வாங்குனீகளா?” என்றாள் தெரசாள்.

“ஊரே சொல்லுது. இதுல எழுத என்ன இருக்கு?”

“மகாராசாவும் வெள்ளக்காரனும் ஆயிரம் வருசத்துக்கு எழுதி வச்சிருக்கான். நமக்கு ஒரு துண்டுச் சீட்டு கெடையாதாக்கும்” என்றாள். மறுநாள் விடியுமுன் கூடையை எடுத்துக்கொண்டு அவனோடு வந்துவிட்டாள்.

பதினெட்டு நாளில் வாய்க்கால் முடிந்தது. ஆனி பிறந்ததும் வெள்ளத்துரையும் செட்டியாரும் சிலுவைமுத்துவும் மனு எழுதிக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். தாலுகா கச்சேரி வாசலில் புளியமரத்தடியில் இரண்டு நாள் காத்துக் கிடந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு குமாஸ்தா மனுவை வாங்கி நின்றபடியே படித்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, கொஞ்சம் தன்மையாகவே சொன்னார். தீர்ப்பு கரண்டைப் பற்றியது. தண்ணீர் இதுவரைக்கும் எந்த நிலத்துக்குப் பாய்ந்ததோ அதே நிலத்துக்குத்தான் இனிமேலும் பாயும். அதற்கு அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணையில் உங்கள் ஊர் இல்லை. குண்டாற்றில் அதை விடுவார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

வெளியே வந்ததும் செட்டியார் மடித்து வைத்திருந்த பேப்பரை எடுத்து மறுபடி வாசித்தார். அவருக்கு முகம் வெளிறிப் போயிருந்தது.

“பேப்பர்ல பொய் போடல நாட்டாமை. வெவசாயத்துக்கு மட்டும்னுதான் போட்டிருக்கு. யாரு வெவசாயத்துக்குன்னு போடல” என்றார்.

அதன்பிறகு செட்டியார் அந்த ஊருக்குச் சேலை கொண்டுவரவில்லை. வெள்ளத்துரை சாவடிப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். ஊருக்கு நஷ்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆளுக்குப் பதினெட்டு நாள் உழைப்பு போயிற்று, அவ்வளவுதான். வாய்க்கால் பெரும்பாலும் ஓடையிலும் தரிசிலும் போனது. விளைகிற நிலத்தில் போனது சிலுவைமுத்துவின் ஒரு குறுக்கத்தில் மட்டும்தான். மண்ணைத் திரும்பத் தள்ள ஆள் தாருங்கள் என்று அவன் வீடுவீடாகப் போய்க் கேட்டான். வெட்டுவதற்கு ஊர்க் கட்டுப்பாடு உண்டு, மூடுவதற்கு அப்படி ஒன்று கிடையாது என்றார்கள். ஒருத்தன் முகத்துக்கு நேராகவே, உன் நிலத்தை நீதானே கொடுத்தாய் என்றான். சிலுவைமுத்துவுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டியைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். தெரசாள் உடைந்த ஓடுகளைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாசமும் இரண்டு பேரும் கூலிக்குப் போய் வந்த நேரம் போக மிச்சப் பொழுதெல்லாம் மண் தள்ளினார்கள். முப்பது பேர் வெட்டியதை இரண்டு பேர் மூடினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகவில்லை. புரட்டாசி முடிவில் நிலம் மறுபடி ஒரே நிலமாகக் கிடந்தது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் உழுது கருங்கண்ணிப் பருத்தி போட்டார்கள். மூடிய இடத்தில் மண் பொலபொலவென்று இருந்ததால் அங்கேதான் முளைப்பு நன்றாக இருந்தது. தெரசாள் வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொன்னாள்.

கார்த்திகையில் ஒரு நாள் காலையில் கணக்குப்பிள்ளை சங்கரலிங்கம் அளவுச் சங்கிலியோடு வந்தார். ஊர் நிலக் கணக்கெல்லாம் அவர் கையில். கூடவே தலையாரி. வரப்பில் நின்று நிலத்தைப் பார்த்தார். மடியிலிருந்த கணக்கைப் பிரித்துப் பார்த்தார். மறுபடி நிலத்தைப் பார்த்தார்.

“ஏலே சிலுவை, இங்க இருந்த வாய்க்கா எங்க?”

மூடிவிட்டேன் என்று சிலுவைமுத்து சொன்னான். கணக்குப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனியில் வாய்க்கால் இருந்தது. தரையில் இருப்பதை எழுதுவது அவர் வேலை, எழுதினார். சர்க்கார் வாய்க்கால் புறம்போக்கு, அகலம் பன்னிரண்டு, கரையோடு இருபது. அது மேலே போய், கையெழுத்தும் விழுந்துவிட்டது. நாளைக்கு மேலதிகாரி தணிக்கைக்கு வருகிறார். கணக்கில் இருக்கிற வாய்க்கால் தரையில் இல்லை என்றால் தன் வேலை போகும், சர்க்கார் வாய்க்காலை மூடி வெள்ளாமை வைத்ததற்கு இவன் ஜெயிலுக்குப் போவான் என்றார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

“அய்யா, தண்ணியே வராத வாய்க்காய்யா அது. வராதுன்னு கச்சேரியிலயே சொல்லிட்டாக. நீங்களும் இந்த ஊருதான, உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்டா. எங் கணக்குல நீளத்துக்குக் கட்டம் இருக்கு, அகலத்துக்குக் கட்டம் இருக்கு. தண்ணி வருதா வரலையான்னு எழுதக் கட்டம் கெடையாது. நான் என்ன செய்ய?”

எழுதியதை அடித்துவிடக் கூடாதா என்று தெரசாள் கேட்டாள். அடிப்பதற்கு மனு போட வேண்டும், அது மேலே போய்த் திரும்ப இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்றார். அதுவரைக்கும் வாய்க்கால் இருந்தாக வேண்டும். இருட்டுவதற்குள் வெட்டிவிடு என்றார். ஆழத்துக்கும் கணக்கில் கட்டம் இல்லை, ஒரு சாண் பள்ளம் தெரிந்தால் போதும், ஆள் கூப்பிட வேண்டியதில்லை, மழை ஈரத்துக்கு மண் சுலபமாக வரும் என்றும் சொன்னார்.

மண் சுலபமாகத்தான் வந்தது. நாலு விரல் உயரத்துக்கு வளர்ந்து, நாலு நாலு இலை விட்டிருந்த கன்றுகள் மண்வெட்டி நிறைய மண்ணோடு சேர்ந்து வந்தன. தெரசாள் கூடையில் மண்ணை அள்ளுமுன் ஒவ்வொரு கன்றாகப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பருத்திக் கன்றைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது என்பது அவளுக்குத் தெரியும். சிலுவைமுத்து அதைப் பார்த்துவிட்டு அடுத்த வெட்டுக்குக் குனிந்தான். மடி கனத்துத் தொங்கியது, அவள் அதை இறுக்கிச் செருகிக்கொண்டு கூடையைத் தூக்கினாள்.

பொழுது சாயும்போது தலையாரி குறுக்கே சங்கிலியைப் பிடித்தான். கணக்குப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பதினொண்ணுதான் இருக்கு. அந்த ஓரத்துல இன்னும் ஒரு அடி.”

சிலுவைமுத்து சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அந்த ஓரத்தில் நின்ற கன்றுகளின் பக்கம் மண்வெட்டியோடு திரும்பினான்.