கடைசிப் பக்கத்து அழுக்கு

கம்ப்யூட்டர் லேப்பில் மேசைக்கு அடியே முட்டி போட்டு உட்கார்ந்து சௌந்திரம் கேபிள் முனையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எட்டுக் கம்பி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. குமாரபாளையத்துத் தறிப்பட்டறையில் பதினாலு வருஷம் அறுந்த பாவு இழையை முடிந்த விரல்களுக்கு இந்த எட்டும் ஒரு பொருட்டா? பல்லில் கடித்திருந்த பிளக்கை எடுத்து மாட்டி, கம்பியோடு அதைக் கவ்வவைக்கிற கிரிம்பரை ஓர் அழுத்து அழுத்தி, நெட்வொர்க் சுவிட்சில் சொருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

திருச்செங்கோட்டுப் பக்கத்து அந்த பாலிடெக்னிக்குக்கு அவள் கூட்டிப் பெருக்க வந்து பத்து வருஷமாகிறது. லேப்புக்கு மாற்றின பிறகு, வயர் இழுக்க வந்த ஆட்களைப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். இப்போது நாலு மாடி வயரும் அவள் கையில்தான். ஆனால் பதிவேட்டில் அவள் இன்னமும் அட்டெண்டர். அட்டெண்டருக்கு லேப்பில் நாற்காலி கிடையாது, யு.பி.எஸ். வந்த அட்டைப்பெட்டிமேல்தான் உட்காருவாள்.

ஆடி மாசம் முதல்வர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். லேப்புக்கு டெக்னீசியன் ஒருத்தர் போடப்போகிறார்களாம். நெட்வொர்க் சான்றிதழ்ப் பரீட்சை பாஸ் பண்ணினால் போதும், இங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பாம். மறுநாளே புது சுழல் நாற்காலி ஒன்று வந்து இறங்கியது. பிளாஸ்டிக் உறையோடு அது மூலையில் நின்றதைப் பார்த்ததிலிருந்து சௌந்திரத்துக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அவளுக்கு ஆசை வந்தால் வந்ததுதான், அரைகுறை என்பதே கிடையாது.

எதைப் படிப்பது? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆபீஸ் கிளார்க் தீனதயாளன், கேள்வியும் பதிலுமாக ஜெராக்ஸ் கிடைக்கும், மக்கப் பண்ணினால் போதும் என்றார். லேப்புக்கு வருகிற பிள்ளைகள் செல்போனில் வீடியோ பார்க்கச் சொன்னார்கள். போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்த புருசன் நாச்சிமுத்து போனில் சொன்னது ஒன்றுதான்.

"எதை வேணா படி புள்ள. பாதியில மட்டும் உட்டுறாத. பாறையில சிக்குன போர்வெல் பிட்டு மாதிரி ஆயிரும். எறக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது."

ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு பஸ் ஏறினாள். பழைய புத்தகக் கடைக்காரர் மூன்றை எடுத்துப் போட்டார். ஒன்று ரெண்டு பாகமாகப் பளபளவென்று புதுசு. தூக்கினாலே மணிக்கட்டு வலித்தது. இன்னொன்று முப்பதே நாளில் பாஸ் என்று அட்டையிலேயே அடித்துச் சொன்னது. மூன்றாவது முனை மழுங்கி, முதுகில் பழுப்பு டேப் ஒட்டிக் கிடந்தது.

பட்டறையில் துணி பார்க்கிறவர்கள் மேல்மடிப்பைப் பார்க்கவே மாட்டார்கள். மேல்மடிப்பு எப்போதும் நல்லாத்தான் இருக்கும். குற்றமெல்லாம் உள்மடிப்பில். சௌந்திரமும் மூன்று புத்தகத்தையும் கடைசியிலிருந்துதான் புரட்டினாள். முப்பது நாள் புத்தகம் கடைசியில் வெறும் கேள்வியாக ஓடியது, விளக்கம் ஒரு வரி இல்லை. புதுசில் இங்கிலீஷ் சுற்றிச் சுற்றி வந்தது. பழசில் ஒரு பத்தியை எழுத்துக்கூட்டிப் படித்தாள், புரிந்தது. பக்க ஓரமெல்லாம் விரல் அழுக்கு, அதுவும் கடைசி அத்தியாயம் வரைக்கும். கடைசிப் பக்கத்தின் அடியில் யாரோ நீல மையில் எழுதியிருந்தார்கள்: 'முடிச்சாச்சு.' அந்த ஒரு சொல்லுக்காகவே அதை வாங்கினாள். கடைக்காரர் புதுசைத்தான் எடுக்கச் சொன்னார், அவள் காதில் ஏறவில்லை.

மூன்று மாசம் படித்தாள். பஸ்ஸில், அட்டைப்பெட்டிமேல், இட்லி வேகிற நேரத்தில். ஒன்பதாவது படிக்கிற மகள் பிரீத்தியிடம் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள். இத்தனை வருஷமாகக் கை செய்துகொண்டிருந்த ஒவ்வொன்றும் ஏன் அப்படி என்று புத்தகம் சொன்னபோது, அடேங்கப்பா, இதுக்குத்தானா என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். இத்தனை சந்தோசமாக அவள் எதையும் படித்ததில்லை.

ஐப்பசியில் ஒருநாள் லைப்ரரி உதவியாளர் மஞ்சுளா அந்தப் புத்தகத்தை வாங்கி அட்டையைத் திருப்பினாள்.

"ஏனுங்க்கா, இது பழைய பரீட்சைக்குண்டானதுங்க. அட்டையிலயே நெம்பர் போட்டிருக்குது பாருங்க. அந்தப் பரீட்சையையே எடுத்துட்டாங்களே."

சௌந்திரம் புத்தகத்தைப் பிடுங்கி அட்டையைப் பார்த்தாள். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தவள் அட்டையைப் பார்க்கவில்லை. தறிக்காரி லேபிளைப் பார்ப்பாளா? லேபிளை எவன் வேண்டுமானாலும் ஒட்டலாம், துணிதானே பேசும் என்றே பழகிவிட்டாள். பரீட்சைக்குச் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டியாகிவிட்டது, நாளும் குறித்தாகிவிட்டது.

மஞ்சுளா லைப்ரரியில் இருந்த புதுப் புத்தகத்தை எடுத்துவந்து ரெண்டு பொருளடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முக்கால்வாசி அதேதான். புதுசாக ஐந்தே அத்தியாயம். சௌந்திரத்துக்கு மூச்சு வந்தது. ஆனால் புத்தகத்தை எடுத்துப்போக முடியாது. வாத்தியார்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் லைப்ரரி கார்டு, அட்டெண்டருக்குக் கிடையாது. உட்கார்ந்து படிக்கிற மேசையும் அவர்களுக்குத்தான்.

"தூசி தட்டறதுக்கு கார்டு வேண்டாமில்லீங்க்கா" என்றாள் மஞ்சுளா.

அப்புறம் ஒரு மாசம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சௌந்திரம் ஒரு கையில் துணியும் ஒரு கையில் புத்தகமுமாக அலமாரி முன்னால் நின்றாள். அந்த அலமாரி மாதிரி பளிச்சென்ற அலமாரி இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்காது. ஐந்து அத்தியாயத்தையும் நின்றபடியே படித்து, குறிப்பும் எழுதி முடித்தாள்.

கார்த்திகையில் சேலத்தில் பரீட்சை. பாஸ். பிரீத்தி கத்தின கத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். நாச்சிமுத்து வண்டியில் எல்லாருக்கும் டீ சொன்னதாகப் போனில் சொன்னான். முதல்வர் கை குலுக்கி, கல்லூரி விளம்பரத்துக்குச் சான்றிதழில் ஒரு நகல் எடுத்துக்கொண்டார். வேலை விஷயம் பொங்கலுக்கு அப்புறம் என்றார்.

பொங்கலுக்கு அப்புறம் தாளாளரின் மச்சான் மகன் கௌதமன் டெக்னீசியனாக வந்து சேர்ந்தான். பி.இ. படித்தவன், மரியாதையான பையன். சான்றிதழை ஒரு வருஷத்துக்குள் வாங்கிவிட்டால் போதும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். சௌந்திரம் முதல்வர் அறைக்குப் போய் நின்றாள்.

"அடுத்த தடவை பாக்கலாம்மா. நீ எங்க போகப்போற, இங்கயேதான இருக்கற" என்றார் அவர்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அழுகை வந்தது, லேப்புக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் மூன்றாவது மாடியில் லைன் போய்விட்டது. பழுது எங்கே என்று நின்ற இடத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. போய் மாட்டிவிட்டு இறங்கும்போது மனசு தெளிந்திருந்தது. தெரிந்தது தெரிந்ததுதானே, அதை யார் பிடுங்க முடியும்?

கௌதமன் அன்று மத்தியானம் கேட்டான்.

"அக்கா, பரீட்சைக்கு நெறைய புக்கு இருக்குதுங்க. நீங்க எதைப் படிச்சீங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நின்று எழுதிய ஐந்து அத்தியாயக் குறிப்பும் உள்ளே செருகியிருந்தது. அவன் முதல் பக்கத்தைத் திறந்தான்.

"மொதல்ல கடைசியப் பாருங்க" என்றாள்.

அவன் திருப்பினான். 'முடிச்சாச்சு' என்பதற்குக் கீழே சிவப்பு மையில் இன்னொரு கையெழுத்து: 'நானும்.'

அவன் சிரித்துவிட்டுச் சுழல் நாற்காலியில் சாய்ந்து படிக்க ஆரம்பித்தான். பத்து நிமிஷம் போயிருக்கும், சுவிட்சில் ஒரு விளக்கு அணைந்தது. அவன் மேசைக்கு அடியில்தான் கேபிள். சௌந்திரம் அட்டைப்பெட்டியிலிருந்து எழுந்து, கிரிம்பரை எடுத்துக்கொண்டு, முட்டி போட்டு உள்ளே நுழைந்தாள்.

"காலைக் கொஞ்சம் தூக்கிக்குங்க சாமி."

நாற்காலியின் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் ரெண்டு காலையும் தூக்கிக்கொண்டான்.