பல்லழகி வேண்டாம் என்று சொன்ன நாள்

வேலைக்கு அழைத்துக் கடிதம் வந்த அன்று பல்லழகி வீட்டில் யாரும் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடவில்லை. பல்லழகி என்பது புருஷன் வைத்த செல்லப் பெயர். ஒன்பது வருடமாக ஒரு சின்னப் பட்டறையில் பல் செட் செய்கிறாள். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் அச்சாகப் பொருந்தும் வரை ராவிக்கொண்டே இருப்பாள். இப்போது பெரிய பல் மருத்துவமனை ஒன்று கூப்பிட்டிருக்கிறது. தலைமைப் பொறுப்பு, தனி அறை.

"தனி அறைன்னா கதவெல்லாம் இருக்குமா?" என்று கேட்டார் பேருந்து ஓட்டும் புருஷன்.

"கதவில்லாம அறை ஏதுங்க?"

நாத்தனார் அதற்குள் தொலைபேசியும் கையுமாக இருந்தாள். ஐந்தாவது ஆளிடம் அவள் பேசும்போது பல்லழகி அந்த மருத்துவமனைக்கே சொந்தக்காரி ஆகியிருந்தாள்.

சந்தோஷத்தில் பல்லழகிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக, விலகிக்கொள்வதாகக் கடிதம் எழுதிப் பட்டறை முதலாளியம்மாவின் மேஜையில் வைத்தாள். அவர் பத்து மணிக்குத்தான் வருவார். புதுச் செருப்பு கடிக்கக் கடிக்க மருத்துவமனைக்கு நடந்தாள்.

மேலாளர் அறையைத் திறந்து காட்டினார். கதவு இருந்தது. சுழல் நாற்காலியும் இருந்தது. உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இன்னொரு சுற்று.

"வேலை ரொம்ப சுலபம்மா. செட்டெல்லாம் வெளியிலேர்ந்து வந்துடும். நீங்க 'சரிபார்த்தேன்'னு கையெழுத்துப் போடணும். ஒரு நாளைக்கு அறுபது."

"அறுபதையும் எப்ப சார் பாக்கறது?"

"பாக்க வேண்டாமே! கையெழுத்து மட்டும் போதும்."

மேஜைமேல் இருந்த ஒரு செட்டை எடுத்து மேலும் கீழுமாகச் சேர்த்துப் பிடித்தாள். வலப்பக்கம் கவ்வியது. இடப்பக்கம் ஒரு பென்சில் தாராளமாக உள்ளே போய்விட்டு வந்தது.

"இதப் போட்டுக்கிட்டா ஒரு பக்கந்தான் சார் மெல்ல முடியும்."

"அதுக்குப் புகார்ப் பிரிவு இருக்கு. ரெண்டாவது மாடி. அவங்களுக்கும் வேலை வேணுமில்ல?"

பல்லழகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மரியாதைக்காக மேலாளரும் கொஞ்சம் சிரித்தார்.

"இந்த நாற்காலியில எனக்கு முன்னாடி இருந்தவர் ஏன் சார் போனார்?"

"யாரைக் கேக்கறீங்க? இந்த வருஷத்துல மூணு பேர் இருந்தாங்க."

"எனக்கு இந்த வேலை வேணாம் சார்." அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அவசரப்படாதீங்க. ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா சரின்னு சொல்லிடுவேன். அதான் இப்பவே சொல்லிட்டேன்."

படிகளில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்கினாள். இரண்டாவது மாடியில் கன்னத்தைப் பிடித்தபடி ஒரு நீள வரிசை நின்றது. அதைக் கடக்கும்போதுதான் முதலாளியம்மாவின் மேஜைமேல் இருக்கும் கடிதம் ஞாபகம் வந்தது. மணி ஒன்பது ஐம்பது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினாள். இருந்த வேலையும் இல்லை, வந்த வேலையும் இல்லை. ஆனாலும் ஓட ஓடச் சிரித்தாள்.

வழியில் புருஷன் பணிமனையிலிருந்து கூப்பிட்டார்.

"அறை எப்படி?"

"சுத்தற நாற்காலிங்க. வேணாம்னுட்டேன்."

"நாற்காலியையா?"

"வேலைய!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, தங்கச்சிக்கு நீயே சொல்லிடு தாயே. பதினாலு பேருக்குச் சொல்லி வச்சிருக்கா."

பட்டறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். முதலாளியம்மா சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். பல்லழகியின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் ரோஸ் மெழுகு. எதிரே பேண்டு வாத்தியத்தில் டிரம்பெட் ஊதுகிறவர், வாயைக் கைக்குட்டையால் மூடியபடி.

"இவர் செட்டுல முன்பல் நாலும் உடைஞ்சுபோச்சாம். நீதான் போறியே, நானே செஞ்சுக்கறேன்னு உக்காந்தேன். பாரு!" நான்கு பற்களும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அம்மா, அந்தக் கடிதம்..."

"எந்தக் கடிதம்?" என்றபடி முதலாளியம்மா மெழுகு அப்பிய விரல்களை ஒரு தாளில் துடைத்தார். தாளில் பல்லழகியின் கையெழுத்து பாதி தெரிந்தது. "பல்லைத் தள்ளித் தள்ளிப் பாக்கறேன், நிக்க மாட்டேங்குது. வா, உக்காரு."

"ஆறு மணிக்கு வாஷிக்கணும்மா," என்றார் டிரம்பெட்காரர், பல்லில்லாத இடைவெளியில் காற்று போக.

பல்லழகி உட்கார்ந்தாள். சாயங்காலம் நான்கு மணிக்கு அவர் செட்டை மாட்டிக்கொண்டு ஊதிப் பார்த்தார். 'புஸ்' என்று காற்றுதான் வந்தது. வாங்கி, ஓரத்தில் நூலளவு ராவிக் கொடுத்தாள். இந்தத் தடவை அலமாரிக் கண்ணாடி அதிரும்படி ஒரு நாதம் கிளம்பியது. பக்கத்துக் கடைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று வெளியே ஓடிவந்தார்கள். அவருக்கோ நிறுத்த மனமில்லை. ஊதிக்கொண்டே எழுந்தார், ஊதிக்கொண்டே வாசலைத் தாண்டினார், ஊதிக்கொண்டே தெருவில் நடந்தார்.

"ஐயா, டிரம்பெட் பெட்டி!" என்று கத்திக்கொண்டு பல்லழகி பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால், மெழுகுத் தலையோடு முதலாளியம்மா கை தட்டிக்கொண்டே ஓடினார்.