சிமியோனின் மஞ்சள் கயாக்

"அண்ணி, பாத்து. பாசி வழுக்கும்" என்று கஸ் கையை நீட்டினான். வெர்னா அதைப் பிடிக்காமலே படகிலிருந்து பாறையில் கால் வைத்தாள். அலாஸ்காவின் வளைகுடாக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள்; ஆனால் கடலென்றாலே ஆகாது. அவளை ஒருமுறையாவது படகில் ஏற்றிவிட வேண்டுமென்று புருஷன் சிமியோன் கெஞ்சாத நாளில்லை. இன்று காலை அவன் செத்துப்போன பிறகுதான் தானாக வந்து ஏறினாள்.

"தண்ணி வத்துது, இங்க நின்னா படகு தரைதட்டிடும். நான் தள்ளி நங்கூரம் போட்டுக்கறேன். ஓலி உங்களக் கயாக்குல கூட்டிட்டு வரட்டும்" என்றான் கஸ். சிமியோனுக்குச் சித்தப்பா மகன். அழுது முகம் வீங்கியிருந்தது.

கரையில் கூடாரங்கள். பள்ளிக்கூடப் பெண்கள் கயாக் என்னும் ஒடுங்கிய படகில் துடுப்புப் போட்டுக் கொண்டு தீவு தீவாகப் போய்க் கடலைப் படிக்கும் முகாம் அது; வெர்னாவின் மகள் ஒலியானாவும் அதில்தான் இருந்தாள். நடத்துபவள் பிரிட்டா. அவளிடம் ரேடியோ இருந்தது. இதையெல்லாம் ரேடியோவிலா சொல்ல முடியும்?

வெர்னாவைப் பார்த்ததுமே பிரிட்டாவுக்குப் புரிந்துவிட்டது. முகாமுக்கு எந்த அம்மாவும் வருவதில்லை.

"ஓலியக் கூப்பிடவா?"

ஒலியானா தூரத்தில், நீர் வடிந்த பாறைமேல் சதுரச் சட்டத்தைப் போட்டு, அதற்குள் இருந்த நட்சத்திர மீன்களை எண்ணிக் கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள். எண்ணிக்கொண்டிருந்த குரல் அப்படியே நின்றது. பிறகு குனிந்து, முன்னைவிடச் சத்தமாக எண்ணினாள்.

"வேண்டாம். முடிக்கட்டும்" என்றாள் வெர்னா.

"தண்ணி திரும்புனா எல்லாம் மூடிடும். கொஞ்ச நேரந்தான்."

"இருக்கட்டும். எனக்கென்ன அவசரம் இனிமே."

பிரிட்டா காபி கொண்டுவந்து கொடுத்தாள். வெர்னா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டாளே தவிர, குடிக்கவில்லை. காலையில் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே மூச்சுச் சத்தம் நின்றது. அப்பாவின் நோய் முற்றினால் உடனே கூப்பிடுகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தாள். அந்த வாக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மகள் என்னை மன்னிப்பாளா?

"உங்க கயாக்குலதான் வந்தா" என்றாள் பிரிட்டா, ஏதாவது பேசவேண்டுமே என்று. "பின்னாடி உட்கார்ந்தா திசை திருப்பற மிதிகட்டைக்குக் கால் எட்டல. நுனிக்காலால எட்டி எட்டித்தான் படகத் திருப்பறா. கிட்ட இழுத்து வச்சுக்கோன்னா கேக்க மாட்டேங்கறா. அப்பா கால் அளவு மாறிடுமாம்."

இருவர் ஏறும் அந்த மஞ்சள் கயாக்கின் பின்னிருக்கை சிமியோனுடையது. நெட்டைக்கால் மனுஷன்.

நீர் ஏறியது. மற்றப் பெண்கள் விலகி நிற்க, ஒலியானா நனைந்த கையைக் காற்சட்டையில் துடைத்தபடி வந்தாள். வெர்னா எழுந்தாள்.

"காலையிலயா?" என்றாள் ஒலியானா.

"காபி போட்டுக்கிட்டிருந்தேன்."

"கூப்பிடறேன்னியே, அம்மா."

"நேத்தே ரேடியோவக் கையில எடுத்துட்டேன், கண்ணு. அப்பாதான் விடல. 'ஓலி வந்துட்டா கூட இருக்கற பொண்ணு ஒத்தையில எண்ணணும், பாவம்'னாரு."

ஒலியானா சிரித்தாள். சிரிக்கும்போதே உதடு கோணிப் போயிற்று.

"நட்சத்திர மீன எண்ணறது ஒரு படிப்பான்னு கேட்டவரு!"

"உன்கிட்டதான் அப்படி. நம்ம கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சாரு."

ஒலியானா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உப்பும் பாசியும் மணத்தன. வெர்னாவுக்கு அவளை அப்படியே மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இருவரும் கயாக்கை இழுத்து நீரில் விட்டார்கள்.

"நீ முன்னாடி உக்காரு" என்றாள் ஒலியானா. " துடுப்புப் போடத் தெரியலன்னாலும் பரவால்ல. நீ எப்படிப் போடறியோ, நானும் அப்படியே போடறேன்."

வெர்னா உட்கார்ந்து இரு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் மகள் ஏறும் அசைவு தெரிந்தது. ஆனால் கயாக் நகரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். ஒலியானா குனிந்து, இரண்டு மிதிகட்டைகளையும் ஒவ்வொரு படியாகத் தன் கால் எட்டும் தூரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.